அறிந்துகொள்வோம்: கைக்கு இசையும் நிலப்படம்



சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், குழந்தைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றைப் புதிதாகத் தொடங்குவது என்று நாம் ஒருமனதாகத் தீர்மானித்தோம். 'எங்கே தொடங்குவது?' என்ற வினா எழுந்த மறுகணமே அந்த ஒருமனம் எங்கோ ஓடி மறைந்தது. முலுண்டில் வாழ்வோர் முலுண்டே தக்க இடம் என்றனர். போரிவலியில் வாழ்வோர் தங்கள் பக்கத்துக் குழந்தைகளே மிகுதி என்றனர். செம்பூர் அன்பர்கள் மட்டும் புன்னகை புரிந்தவாறு வாளாவிருந்தனர். முதல் வகுப்பு முன்னரே அவர்கள் பேட்டையில் நடந்துவருகிறது அல்லவா?

அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். கணிப்பொறித் துறையில் பணிபுரிபவர். "நம் உறுப்பினர் ஏட்டில் முகவரிகள் இருக்கின்றன. அவற்றை நிலப்படத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டால் வழக்குக்கே இடமில்லையே!" என்றார். காரியதரிசி மறுபேச்சின்றி ஏட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

இளைஞர்கள் 'டாஷ்போர்டு' என்று வழங்கும் நிலப்படத் தகவல் பலகை எவ்வாறு உருவாகிறது என்பதை அந்த நண்பரின் அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டு வியந்தவற்றையும், கண்டு நாணியதொன்றையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வினாவுக்கு விடை கூறும் படம்

நாம் பயின்ற பள்ளியின் சுவரில் தொங்கிய தேசப்படத்தை நினைவிற்குக் கொண்டுவாருங்கள். அதனை வரைந்தவர் எதைக் காட்ட எண்ணினாரோ அதை மட்டுமே நாம் கண்டோம். ஆறுகளைக் காட்டும் படத்தில் ஆறுகள் இருக்கும். ரயில் பாதைகள் வேண்டுமாயின் ஆசிரியர் வேறொரு படத்தை எடுத்து வந்து மாட்ட வேண்டும். தகவல் பலகையோ பார்ப்பவர் கேட்கும் வினாவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. ஒரு மாவட்டத்தைத் தொட்டால் அதற்குரிய எண்கள் பக்கத்தில் தோன்றும். ஆண்டைக் குறிக்கும் கோலை நகர்த்தினால் நிறங்கள் மாறும். 'ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகள் மட்டும்' என்று குறித்தால் ஏனைய புள்ளிகள் மறைந்துவிடும்.

இத்தகைய பலகை ஒன்றை நம்மில் பெரும்பாலோர் முன்பே பார்த்திருக்கிறோம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் கறுப்பு நிற உலகப் படத்தின்மேல் சிவப்பு வட்டங்கள் வளர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லாரன் கார்ட்னரும் அவருடைய மாணவர் என்ஷெங் டோங்கும் அமைத்த அப்பலகை 2020 ஜனவரி 22-ஆம் நாள் வெளியாயிற்று. 2023 மார்ச் 10-ஆம் நாளுடன் புதிய எண்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. ஊருக்குப் போக வழியின்றி இங்கே அடைபட்டுக் கிடந்த அந்நாள்களில், காலையில் எழுந்ததும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

மூன்று அடுக்குகள்

நண்பர் எனக்கு முதலில் விளக்கியது பலகையின் அமைப்பை. அது மூன்று அடுக்குகளால் ஆனது.

அடியில் இருப்பது தரைப்படம். தெருக்களும் ரயில் பாதைகளும் நீர்நிலைகளும் வரையப்பட்டது. இதற்கு அவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்தைப் பயன்படுத்தினார். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய முயற்சி இது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தாம் அறிந்த தெருக்களைத் தாமே வரைந்து சேர்க்கின்றனர். இவ்வளவு பெரிய படம் நம் கைப்பேசிக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்டேன். படம் சிறு சிறு சதுர ஓடுகளாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறதாம். உலகம் முழுவதையும் காட்டுவது ஒரே ஓடு. ஒரு படி நெருங்கினால் அது நான்காகும். மேலும் ஒரு படி நெருங்கினால் பதினாறாகும். இவ்வாறு பத்தாம் படியில் 10,48,576 ஓடுகள் ஆகின்றன. நாம் பார்க்கும் இடத்துக்குரிய சில ஓடுகள் மட்டுமே நம்மிடம் வந்து சேர்வதால் படம் விரைந்து தோன்றுகிறது.

நாட்டின் எல்லைக்கோட்டை மட்டும் அவர் இந்திய நில அளவைத் துறையின் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அயல்நாட்டார் வரையும் படங்களில் நம் எல்லை வேறாகக் காட்டப்படுவதுண்டு. அத்தவறு நம் பலகையில் நேரலாகாது என்றார். இவ்விடத்தில் நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பேரளவைக்கு அடிக்கோடு இடப்பெற்றது 1802-இல், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில். அதனை அளந்தவர் வில்லியம் லாம்டன்.

தரைப்படத்தின்மேல் இரண்டாம் அடுக்காக அமைவது நம் செய்திகள்: புள்ளிகள், எல்லைகள், அவற்றோடு ஒட்டிய எண்கள். மூன்றாவது அடுக்கு கண்ணுக்குத் தெரியாதது, அதுவே பிணைப்பு. நம் விரல் ஒரு பகுதியைத் தொட்டதும், தொடப்பட்டது எது என்பதை நிரல் குறித்துக்கொள்கிறது. அட்டவணையில் அப்பகுதிக்குரிய வரிகளை மட்டும் அரித்தெடுக்கிறது. அவற்றைக்கொண்டு பக்கத்திலுள்ள வரைபடத்தையும் எண்களையும் மீண்டும் தீட்டுகிறது. அரித்தெடுத்தல், மீண்டும் தீட்டுதல் என்னும் இவ்விரு செயல்களே பலகையின் உயிர். இதற்கு அவர் கையாண்டது லீஃப்லெட் என்னும் கருவி. உக்ரைன் நாட்டவரான வொலொதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது. பைத்தான் மொழி அறிந்தோர் ஸ்ட்ரீம்லிட், டேஷ் ஆகியவற்றையும், ஆர் மொழி அறிந்தோர் ஷைனி என்பதையும் பயன்படுத்துவர் என்றும் சொன்னார். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இவற்றைப் பொருட்செலவின்றித் தொடங்கிக் கற்கலாம்.

பனிக்கடலில் நம் வீடுகள்

கருவி எளிதாய்க் கிடைத்துவிட்டது. முகவரிகளே நண்பரை மூன்று வாரங்கள் வருத்தின.

ஏட்டிலுள்ள முகவரியை நிலப்படம் அறியாது. அதற்குத் தெரிந்தவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே. 'ரேஷன் கடைக்கு எதிரில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம்' என்று எழுதியிருந்தால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார், கணிப்பொறியால் இயலாது. பலர் பின்கோடு எண் ஒன்றையே தெளிவாக எழுதியிருந்தனர். 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஆறிலக்க எண் கடிதங்களைப் பிரிப்பதற்காக ஏற்பட்டது. அதனைக்கொண்டு வீட்டைத் தேடினால், அப்பகுதியில் வாழும் எல்லாக் குடும்பங்களும் ஒரே புள்ளியின்மேல் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்பட்டுவிடுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே ஒரு குடும்பமே இருப்பதாகத் தோன்றும்.

முதன்முறை படத்தை இயக்கியபோது மும்பையில் ஒரு புள்ளியும் இல்லை. நண்பர் படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். நம் உறுப்பினர் அனைவரும் நார்வே நாட்டுக்கு வடக்கே பனிக்கடலில் மிதந்துகொண்டிருந்தனர்! காரணம் எளியது. மும்பை ஏறக்குறைய 19 பாகை அட்சரேகையிலும் 73 பாகை தீர்க்கரேகையிலும் இருக்கிறது. ஜியோஜேசன் என்னும் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகையை முதலில் எழுதுவது வழக்கம். லீஃப்லெட் கருவி அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. இரண்டும் இடம் மாறவே, நாம் வடதுருவத்தின் அண்டை வீட்டார் ஆகிவிட்டோம். வேறு சில வீடுகள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில், நிலநடுக்கோட்டின்மீது கிடந்தன. முகவரி காலியாக இருந்த இடங்களில் கணிப்பொறி சுழியம், சுழியம் என்று குறித்துக்கொண்டதன் விளைவு அது.

இவை சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழைகள். கடலில் விழுந்த வீட்டை யாரும் உண்மை என்று நம்பமாட்டார். உண்மைபோல் தோன்றும் பிழைகளுக்கே நாம் அஞ்ச வேண்டும்.

குகையில் ஒரு வகுப்பு

புள்ளிகள் சரியானதும் முலுண்டும் போரிவலியும் இரு கொத்துகளாக ஒளிர்ந்தன. 'இரு சாராருக்கும் நடுவான இடத்தைக் கண்டு சொல்' என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டார் நண்பர். அது ஒரு நொடியில் விடை கூறிற்று. அவ்விடம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் உள்ளே, கன்ஹேரிக் குகைகளுக்கு அருகில் இருந்தது. பண்டைநாளில் பௌத்தத் துறவிகள் அக்குகைகளில் தங்கிப் பயின்றதுண்டு. சிறுத்தைகள் உலவும் அக்காட்டுக்குள் நம் குழந்தைகளை ஆத்திசூடி கற்க அனுப்புவது எப்படி?

கணக்கில் பிழை ஏதும் இல்லை, வினாவில்தான் பிழை. பறவை பறந்து சென்றால் முலுண்டுக்கும் போரிவலிக்கும் இடையே 12 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ரயிலில் போகும் தாய், மத்திய ரயில்வே வண்டியில் தாதர் வரை வந்து, அங்கே மேற்கு ரயில்வே வண்டிக்கு மாறி, மறுபடி வடக்கே செல்ல வேண்டும். அது 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நிலப்படத்தில் அருகில் இருப்பது வாழ்க்கையில் அருகில் இருப்பதாகாது. எனவே நண்பர் வட்டங்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு ரயில் நிலையத்திலிருந்தும் அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய பரப்பை வரைந்தார். படம் அப்போதுதான் மும்பையைப் போல் ஆயிற்று: மூன்று ரயில் பாதைகளை ஒட்டிய மூன்று நீண்ட நாடாக்கள்.

எண்ணிக்கையா, விகிதமா?

இதற்குள் செய்தி பரவி, 'இந்தியாவில் தமிழர் எங்கெங்கே வாழ்கின்றனர் என்பதையும் காட்டக்கூடாதா?' என்று பெரியவர்கள் சிலர் கேட்டனர். நண்பர் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழி அட்டவணையை எடுத்து, மாநிலந்தோறும் நிறம் தீட்டி இரண்டாம் பக்கம் ஒன்றை அமைத்தார். புள்ளிவிவரத்தை இவ்வாறு பகுதிதோறும் அடர்வண்ணமாகவும் வெளிர்வண்ணமாகவும் தீட்டும் முறையைப் பிரான்சு நாட்டவரான சார்ல் துபேன் 1826-இலேயே கையாண்டார்.

அக்கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 6 கோடியே 90 லட்சம். அவர்களில் தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்தோர் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர். எண்ணிக்கையைக்கொண்டு நிறம் தீட்டினால், தமிழ்நாட்டிற்கு அடுத்தபடி 21 லட்சம் பேருடன் கர்நாடகம் அடர்ந்து தோன்றுகிறது. புதுச்சேரி அதன் பின்னே 11 லட்சத்துடன் நிற்கிறது. சுமார் 5 லட்சம் பேர் வாழ்ந்த நம் மகாராஷ்டிரமும் ஓரளவு நிறம் பெறுகிறது. அந்தமான் தீவுகளோ வெளிறிக் கிடக்கின்றன.

இனி ஒரு பொத்தானை அழுத்தி, நூற்றுக்கு எத்தனை பேர் என்று மாற்றுங்கள். புதுச்சேரி 88 விழுக்காட்டுடன் தமிழ்நாட்டிற்கு இணையாக ஒளிர்கிறது. கர்நாடகம் மூன்றரை விழுக்காட்டளவில் மங்குகிறது. மகாராஷ்டிரம் அரை விழுக்காட்டையும் எட்டாமல் ஏறக்குறைய வெள்ளையாகிவிடுகிறது. கண்ணுக்கே தெரியாமல் இருந்த அந்தமான் தீவுகள் 15 விழுக்காட்டுடன் எழுந்து நிற்கின்றன. எண்கள் மாறவில்லை, மக்களும் இடம்பெயரவில்லை. கேள்வி ஒன்றே மாறிற்று.

இவற்றுள் எது உண்மை? இரண்டும் உண்மையே. எத்தனை பாடநூல்கள் அச்சிட வேண்டும் என்று அறிய விரும்புவோர்க்கு எண்ணிக்கை வேண்டும். ஓர் ஊரின் பொதுவாழ்வில் தமிழ் எவ்வளவு காதில் விழும் என்று அறிய விரும்புவோர்க்கு விகிதம் வேண்டும். எதற்காகப் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானியாமல் பார்ப்பவரைப் படம் தன் விருப்பம்போல் இழுத்துச் செல்லும். கொரோனாக் காலத்துச் சிவப்பு வட்டங்கள் அன்றுவரை தொற்றியோரின் மொத்தத்தைக் குறித்தன. ஆதலால் அவை வளர்ந்தனவேயன்றி ஒருநாளும் சுருங்கவில்லை. நோய் தணிந்துவந்த நாட்டின் வட்டமும் பெரிதாகவே நின்றது. அதைக் கண்டு நம்மில் எத்தனை பேர் வேண்டாத அச்சமும் கொண்டோம்!

நிறங்களைப் பகுப்பதிலும் இத்தகைய சூழ்ச்சி உண்டு. சுழியத்திலிருந்து 90 வரை சம இடைவெளியாக ஐந்து நிறங்கள் வைத்தால், தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு நிறம், மற்றவை யாவும் ஒரே வெளிர்நிறம் ஆகிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் சம எண்ணிக்கையில் மாநிலங்களைப் பங்கிட்டாலோ, மூன்றரை விழுக்காடும் எண்பத்தெட்டு விழுக்காடும் ஒரே அடர்நிறம் பெற்றுவிடும். ஆகவே நிறங்களின் விளக்கக் குறிப்பைப் படியாமல் நிலப்படத்தைப் படித்தேன் என்று ஒருவரும் சொல்லலாகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையார் நம்மிடையே உளர். அவர்களை எண்ணி ஒரே நிறத்தின் சாயல்களைக் கையாள்வது நன்று.

காணாமற்போன தென்காசி

பலகையைக் கண்ட முதியவர் ஒருவர் தமிழ்நாட்டைப் பெரிதாக்கித் தம் ஊரைத் தேடினார். "தம்பி, எங்கள் தென்காசி மாவட்டம் ஏன் வெள்ளையாக இருக்கிறது? அங்கே மனிதர்களே இல்லையா?" என்றார். நண்பர் சற்றே திகைத்துப் பின் காரணத்தைக் கண்டார். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. அதன்பின் பிரிக்கப்பட்டவற்றுடன் சேர்த்து 38 ஆயின. 2019-இல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பழைய கணக்கை அதன்பின் வரைந்த எல்லைகளின்மேல் ஏற்றியதால், புதிய மாவட்டங்களுக்கு எண் கிடைக்கவில்லை. திருநெல்வேலிக்கோ தன்னைவிட்டுப் பிரிந்த பகுதியின் எண்ணும் சேர்ந்து தங்கிவிட்டது. இவ்வாறே 2011-இன் ஆந்திரம் தெலங்கானாவையும் உள்ளடக்கியது. 2014-இல்தான் அவை பிரிந்தன. எந்த ஆண்டின் எண்ணோ அந்த ஆண்டின் எல்லையையே பயன்படுத்த வேண்டும். எந்த ஆண்டு என்பதைப் படத்தின் மேலேயே பெரிதாக எழுதவும் வேண்டும். அம்முதியவர் கேட்டிராவிடில் அவ்வெள்ளை நிறத்தை யாரும் ஐயுற்றிருக்க மாட்டோம்.

ஒரு புள்ளியும் இல்லாத இடம்

இறுதியாகப் பலகையைச் செயற்குழுவின் முன்னே காட்டும் நாள் வந்தது. சுவரில் படம் ஒளிர்ந்தது. முலுண்டுப் புள்ளிகளையும் போரிவலிப் புள்ளிகளையும் எண்ணி, ஒன்றிரண்டு மிகுதியாக இருந்த பக்கத்துக்குத் தீர்ப்புக் கூற நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். அன்று கூட்டத்தைக் காண ஓர் அம்மையார் வந்திருந்தார். சீட்டா கேம்ப்பில் வாழ்பவர். நம் உறுப்பினர் அல்லர். செம்பூர் வகுப்புக்குத் தம் மகனை இரண்டொரு முறை அழைத்து வந்தவர். அவர் படத்தையே நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"ஐயா, மான்குர்துக்கு அப்பால் எங்கள் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லையே? எங்கள் சந்தில் மட்டும் தமிழ்க் குழந்தைகள் இருபது பேர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து தாத்தா கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்பினால் படிக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்."

அவையில் ஓர் அமைதி நிலவிற்று. சீட்டா கேம்ப், 1976-இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்தோர் குடியமர்த்தப்பட்ட பகுதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், படத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்தது எங்களுள் ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. அப்படம் தமிழ்க் குழந்தைகளின் படம் அன்று. சந்தா கட்டியவர்களின் படம். தலைப்பில் மட்டும் 'தமிழ்க் குழந்தைகள்' என்று எழுதியிருந்தோம். நான் நாணியது அக்கணத்தில்தான்.

நிலப்படத்தின் வெற்றிடத்தை நடந்துபோய்க் கேட்டறிந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1854-இல் இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தோரின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்து, அவை பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டினார். இது பலரும் அறிந்தது. பலரும் எண்ணாதது மற்றொன்று. அக்குழாய்க்கு அருகிலேயே ஒரு மதுவடிசாலை இருந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். அவர்களிடையே காலராவால் சாவு நேரவில்லை. தம் கருத்துக்கு மாறான இவ்வெற்றிடத்தை ஸ்னோ ஒதுக்கிவிடவில்லை. நேரே சென்று உரிமையாளரிடம் வினவினார். தொழிலாளர்கள் ஆலையில் கிடைத்த பானத்தையே பருகினர், தெருக்குழாய் நீரை நாடவில்லை என்பது தெரியவந்தது. வெற்றிடம் அவர் கருத்துக்கு வலுச்சேர்த்தது. அவர் கேளாமல் இருந்திருந்தால் அதுவே அவரை மறுத்திருக்கும்.

நாங்களும் நடந்தோம். அம்மையாரே வழிகாட்ட, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நம் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, வகுப்புக்கு வர விரும்பும் குழந்தைகளைக் கணக்கெடுத்தனர். முலுண்டு, போரிவலி இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத தொகை அங்கே கிடைத்தது. புதிய வகுப்பு அங்கேயே தொடங்கப்பெற்றது. முலுண்டு, போரிவலி அன்பர்களின் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை; அவர்கள் வருத்தமும் நியாயமானதே.

வீட்டுக் கதவைத் திறந்து வைக்கலாகாது

இன்னும் ஒரு செய்தி. பலகையை அனைவரும் காண இணையத்தில் இடலாம் என்று சிலர் கூறினர். தாய்மார் ஒருவர் தடுத்தார். "இந்த வீட்டில் ஏழு வயதுப் பெண்குழந்தை இருக்கிறாள் என்று ஊர் முழுவதற்கும் சொல்வானேன்?" என்றார். அக்கேள்விக்கு எதிர்வாதம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று வகுத்துள்ளது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும் இது நம் கடமை அன்றோ?

ஆகவே நண்பர் தனிப் புள்ளிகளை எடுத்துவிட்டார். நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்கு இத்தனை குழந்தைகள் என்று மட்டும் காட்டினார். ஐந்துக்குக் குறைவாக இருந்த கட்டங்களில் எண்ணைக் காட்டவில்லை. ஏனெனில் ஒரே குழந்தையுள்ள கட்டத்தில் எண்ணே முகவரியாகிவிடும். படத்தைப் பெரிதாக்குவதற்கும் ஓர் எல்லை வைத்தார். இவற்றால் வகுப்புக்கு இடம் தேடும் வேலைக்கு யாதொரு குறையும் நேரவில்லை.

இளைஞர்களுக்கும் இல்லத்தார்க்கும்

இத்தகைய பலகையை அமைக்க விரும்பும் இளைஞர்களுக்கு, அருகிருந்து கண்டவன் என்ற முறையில் சில சொல்வேன். நிரல் எழுதுமுன் ஒரு தாளில், 'இதைப் பார்த்து யார், எதைத் தீர்மானிக்கப் போகிறார்?' என்று எழுதிக்கொள்ளுங்கள். விடை இல்லையாயின் பலகை விளையாட்டுப் பொருளாக முடியும். பொத்தான்களைக் குவிக்காதீர்கள், முதலில் முழுப்படம், வேண்டுவோர்க்கு நெருங்கிய காட்சி, தொட்டுக் கேட்போர்க்கு மட்டும் நுண்விவரம் என்ற வரிசையில் அமைப்பது பார்ப்பவரைக் களைப்படையச் செய்யாது. எண்கள் எங்கிருந்து வந்தன, எந்த ஆண்டினவை என்பதைக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் ஏறாதவர் எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். நம் பலகையின் அடியில் இன்று ஒரு வரி நிரந்தரமாக நிற்கிறது: முகவரி தெளிவின்மையால் விடுபட்டவை இத்தனை, இன்னும் கணக்கெடுக்கப்படாத பகுதிகள் இன்னின்ன. அப்பகுதிகளை வெள்ளையாக விடாமல் சாம்பல் நிறம் தீட்டியிருக்கிறோம். 'அங்கே எவரும் இல்லை' என்பதும் 'அங்கே நாம் இன்னும் கேட்கவில்லை' என்பதும் ஒரே நிறம் பெறலாகாது.

பலகையைப் பார்க்கும் இல்லத்தார்க்குச் சொல்வது அதனினும் எளிது. வண்ணத்தின் அழகில் மயங்காமல், 'இது எண்ணிக்கையா, விகிதமா? எந்த ஆண்டு? யார் விடுபட்டார்?' என்று கேளுங்கள். தென்காசிப் பெரியவரும் சீட்டா கேம்ப் அம்மையாரும் நிரல் எழுத அறியாதவர்கள். ஆயினும் அப்பலகையின் பெரும்பிழைகள் இரண்டையும் கண்டவர்கள் அவர்களே. தம் ஊரையும் தம் தெருவையும் அறிந்திருந்தார்கள், அவ்வறிவு போதுமானதாயிற்று.

இவ்விதழோடு கணக்கெடுப்புப் படிவம் ஒன்று இணைத்திருக்கிறோம். உங்கள் இல்லத்துக்கு ஒன்றை நிரப்புங்கள். கல்யாண், அம்பர்நாத், வசை முதலிய தொலைவிடங்களில் சங்கத்தோடு தொடர்பின்றி வாழும் தமிழ்க் குடும்பம் ஏதேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் இசைவு பெற்று, அவர்களையும் ஒரு படிவம் நிரப்பச் செய்யுங்கள். சந்தா கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. சாம்பல் நிறக் கட்டங்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றாக நடந்து சென்று கேட்கவேண்டிய வேலை நம்முடையது.